கடலா இருந்த எடத்துல சைக்கிள் ஓட்டி தீவச் சுத்துன கதை

சிங்கப்பூர்ல சைக்கிள் டூரா, கார்ல ஏறுனா ஒரு மணி நேரத்துல ஊரே முடிஞ்சிடுமேன்னு சிரிக்கிறவங்க இருக்காங்க. முடியாதுங்க. எக்ஸ்பிரஸ்வேய விட்டுட்டு ஓரமாவே போய்ப் பாருங்க, நாள் கணக்கா இழுக்கும்.

ரவுண்ட் ஐலண்ட் ரூட்னு என்பார்க்ஸ், அதான் இங்க பூங்காக்களப் பாத்துக்குற அரசாங்க அமைப்பு, தீவச் சுத்தி ஒரு பாதை போட்டுக்கிட்டு இருக்காங்க, முழுசா முடிஞ்சா 150 கிலோமீட்டர். அதுல கிழக்குப் பக்கம் 75 கிலோமீட்டர 2021-லயே தொறந்துட்டாங்க, தெக்க லாப்ரடார் பக்கத்துல பெர்லேயர் கிரீக்ல ஆரம்பிச்சு வடக்க சிலேத்தார் ரோவர்ஸ் பே வரைக்கும். அது அரை வட்டம்தான். மிச்சத்துக்கு முந்தி மலேசியா ரயில் போன ரெயில் காரிடோர் பாதை இருக்கே, உட்லண்ட்ஸ்ல இருந்து தஞ்சோங் பகார் வரைக்கும் 24 கிலோமீட்டர், அதுல நடந்து வந்தா வட்டம் முடிஞ்சிடும்னு என் மச்சான் கணக்குப் போட்டான். கிழக்கால சைக்கிள், நடுவால நடை. மாமியார்கிட்ட சொன்னப்போ "கோயிலச் சுத்துற மாதிரி வலமாச் சுத்துங்க தம்பி, இடமாச் சுத்தாதீங்க"ன்னாங்க. ஆனா மச்சான் வீடு தெலோக் பிளாங்காவுல, அங்கேருந்து கிழக்கப் பாத்துப் போறதுதான் வசதி, அதனால இடமாத்தான் சுத்துனோம், சாமி மன்னிக்கணும்.

மடக்குற சைக்கிளா எடுத்துக்கிட்டோம். மடிச்சா 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள்ள அடங்கணும், அப்பதான் எம்ஆர்டி மெட்ரோ ரயில்ல ஏத்த முடியும். அது இருந்ததால சாயங்காலம் எங்க நிறுத்துனோமோ அங்கேருந்து ரயிலேறி வீட்டுக்கு வந்து குளிச்சு சோறு தின்னுட்டு அடுத்த லீவு நாள்ல அதே எடத்துல இருந்து திரும்ப ஆரம்பிக்கலாம். டெண்ட் போட்டுத் தூங்குறதெல்லாம் முதுகு ஒத்துக்கணுமே.

மரினா பேரேஜ் அணைக்கட்டு தாண்டி கடலோரமா ஈஸ்ட் கோஸ்ட் பார்க். இத யாரும் புதுசாச் சொல்ல வேணாம், ஞாயித்துக்கெழம போனா பாதி ஊரு அங்கதான். மச்சான்கிட்ட இந்தப் பார்க்கு மொத்தமும் கடலா இருந்துச்சுடா, 1966-ல தொடங்கி மண்ணக் கொட்டி ரொப்புனதுன்னு சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாம மிதிச்சான். அப்புறம் "அப்ப நம்ம இப்ப தண்ணி மேல ஓட்டுறோமா மாமா"ன்னான். அதுலேருந்து எந்த எடம் வந்தாலும் "இது முந்தி என்னவா இருந்துச்சு?"ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டான், எனக்கும் அது ஒட்டிக்கிச்சு.

சாங்கி கோஸ்டல் ரோடுதான் சோதனை. நேரா, நெழலே இல்லாம, ஒரு பக்கம் ஏர்போர்ட் வேலி. தலைக்கு மேல பிளேன் எறங்குறப்போ வயித்துல இருக்குற எழுத்து வரைக்கும் படிக்கலாம், சின்னப் பசங்களுக்கு ரொம்பப் புடிக்கும், எங்களுக்கு தண்ணி எப்பக் கெடைக்கும்னுதான் யோசனை. ஏர்போர்ட்டுக்கும் கடல ரொப்பித்தான் எடம் எடுத்தாங்க. சாங்கி பீச்ல ஒரு நெனவுக்கல் இருக்கு, 1942 பிப்ரவரில ஜப்பான்காரன் 66 சீன ஆம்பளைங்கள அங்க சுட்டுக் கொன்னான். பக்கத்துலயே பார்பெக்யூ புகை, ஸ்பீக்கர்ல மலாய்ப் பாட்டு. நின்னு படிச்சிட்டுத்தான் கெளம்புனோம். சாங்கி வில்லேஜ்ல நாசி லெமாக்குக்கு (தேங்காப்பால் சோறு) நின்ன வரிசையப் பாத்துட்டு பக்கத்துக் கடை மீ கோரெங் நூடுல்ஸோட முடிச்சிக்கிட்டோம், அதுவே போதும்.

அடுத்த தடவ பாசிர் ரிஸ்ல இருந்து. மொத்தத்துல எனக்குப் புடிச்ச பகுதி இதுதான், அதுலயும் லோரோங் ஹாலுஸ். நாணல் காத்துல சாயுது, கொக்கு நிக்குது, செவப்புப் பாலம், கல்யாண ஜோடி போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கு. அது குப்பைமேடு! 1999 வரைக்கும் ஊர்க் குப்பைய அங்கதான் கொட்டுனாங்க, அதுக்கப்புறம் செமாக்காவ் தீவுக்கு மாத்திட்டாங்க. அடியில இன்னும் குப்பை இருக்கு, அதுல ஊறுற அழுக்குத் தண்ணி பக்கத்து நீர்த்தேக்கத்துல எறங்கிடக் கூடாதுன்னு அத எடுத்து சுத்தப்படுத்துற வேலையத்தான் அந்த நாணலுங்க செய்யுது. அழகுக்கு வச்சதில்ல, வேலைக்கு வச்சது. பக்கத்துல சிராங்கூன் ஆறும் இப்ப ஆறு இல்ல, 2011-ல அணை கட்டி நல்ல தண்ணி ஆக்கிட்டாங்க, பொங்கோல் ஆத்துக்கும் அதேதான். இதெல்லாம் செயற்கைதானேன்னு சலிச்சிக்கிறவங்க உண்டு. எங்க ஊர்ல ஏரியும் கம்மாயும் மட்டும் தானாவா வந்துச்சு, எவனோ ஒரு ராசா வெட்டுனதுதானே.

அடுத்து வர்ற கோனி ஐலண்ட்ங்கிற சின்னத் தீவு காலைல 7-ல இருந்து சாயங்காலம் 7 வரைக்கும்தான், லேட்டாப் போனா கேட்டு மூடிடும். உள்ள தண்ணி கெடைக்காது. கொரங்கு இருக்கு, பிளாஸ்டிக் பை கையில தெரிய வேணாம்.

ரோவர்ஸ் பே தாண்டி, ஈசூன் அணைக்கட்டுல காத்து வாங்கிட்டு, காம்பாஸ் அவென்யூ பக்கம் செம்பவாங் வெந்நீர் ஊத்துக்குத் திரும்புனோம். தண்ணி 70 டிகிரி. முட்டை வேக வைக்க தனிக் குழாயே இருக்கு. நாங்க சும்மா வாளில ஊத்தி முட்டையப் போட்டுட்டு ஒக்காந்துட்டோம், பக்கத்துல இருந்த சீன ஆன்ட்டி பாத்துப் பாத்துப் பொறுக்க முடியாம எழுந்து வந்து ஆறுன தண்ணியக் கொட்டிட்டு புதுசாப் புடிச்சாங்க, மூடி போட்டாங்க, கொஞ்ச நேரங்கழிச்சு திரும்பக் கொட்டிப் புடிச்சாங்க, "வெயிட் லா, வெயிட்"னு கைய வேற தட்டி விட்டாங்க. ஒடச்சா வெள்ளக்கரு தளதளன்னு, மஞ்சக்கரு கெட்டியாகாம. அவங்களே பையில இருந்து சோயா சாஸும் மெளகுத்தூளும் எடுத்துக் குடுத்தாங்க. காலையும் வெந்நீர்ல வச்சிட்டு அத சாப்பிட்டப்போ மிதிச்ச வலியெல்லாம் எறங்கிடுச்சு.

உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட்ல நின்னா எதிர்ல மலேசியாவோட ஜோகூர், அங்க போற காஸ்வே பாலத்துல லாரி வரிசை. சைக்கிள் அதோட சரி, மிச்சம் நடை.

ரெயில் காரிடோர்ல சைக்கிளும் விடலாம், ஆனா மழ பேஞ்சிருந்துச்சு, சில எடம் சேறு, நடந்ததுதான் நல்லது. கிராஞ்சில காலைல ஆறரைக்கே கெளம்பியாச்சு. 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில ஜோகூர் சுல்தானே ஓட்டிட்டுப் போனார், அதுக்கப்புறம் தண்டவாளத்த எடுத்துட்டாங்க. இரும்புப் பாலத்தையும் புக்கிட் தீமா ஸ்டேஷனையும் விட்டு வச்சிருக்காங்க, ஸ்டேஷன் 1932-ல கட்டுனது. அங்க ரயில் நிக்காமப் போறப்போ வளையத்துல மாட்டுன சாவிய டிரைவரும் ஸ்டேஷன் ஆளும் கை மாத்திக்குவாங்க, ஒத்தத் தண்டவாளத்துல எதுத்தாப்ல வேற ரயில் வராதுன்னு அதுதான் உத்தரவாதம். எங்கப்பா மலேசியாவுல சிரம்பான்ல இருந்து வர்றப்போ ஜன்னல்ல தலைய நீட்டி இதப் பாக்கத்தான் தூங்காம வருவாராம்.

மத்தியான வெயிலுக்கு காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயில்ல ஒதுங்குனோம். ரயில்வேல வேலை செஞ்ச நம்ம ஆளுங்க தண்டவாளத்தோரம் சின்னதா வச்சுக் கும்பிட்ட முனியாண்டி, இப்ப பெரிய கோயிலா நிக்கிறாரு. இடமாச் சுத்துனதுக்கு மாமியார் சார்பா ஒரு கற்பூரம் ஏத்தி, பிரகாரத்த ஒழுங்கா வலமாச் சுத்திட்டு, தஞ்சோங் பகார் பக்கம் எறங்கி முடிச்சோம்.

ரவுண்ட் ஐலண்ட் ரூட்டோட மேற்குப் பக்கம் 2035-க்குள்ள முடிப்பாங்களாம். அதுவரைக்கும் பொறுக்க முடியாதுன்னு மச்சான் இப்பவே மேற்கால இருக்குற லிம் சூ காங் மேப்ப வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான். அந்த ரோட்டுல லாரி ஜாஸ்தி, நான் இன்னும் சரின்னு சொல்லல.