தாமதமாக வாடும் செடிகள்

கொண்டைக்கடலையில் வாடல் நோயைத் தாங்கும் வளர்ப்புகளை, அதாவது சோதனையில் உள்ள புதிய பயிர் வகைகளை, தெரிவு செய்வதற்கு முதலில் நோயையே வளர்க்க வேண்டியிருக்கிறது. வாடி இறந்த செடிகளை நறுக்கி மண்ணில் கலந்து, எளிதில் நோய்க்கு இலக்காகும் இரகத்தையே பருவந்தோறும் விதைத்து, வாடலை உண்டாக்கும் பியூசேரியம் பூசணம் நிலமெங்கும் ஒரே சீராகப் பரவிய பின்னரே அந்த வயல் ஆய்வுக்குத் தகுதி பெறுகிறது. இடையிடையே விதைக்கப்படும், எளிதில் வாடும் ஜே.ஜி. 62 இரகத்தின் வரிசைகள் முற்றிலும் மடிந்தால் மட்டுமே, அருகில் பிழைத்து நிற்கும் செடியின் பசுமைக்கு ஏதேனும் பொருள் உண்டு. ஒரு மூலையில் அவை தப்பியிருந்தால், அந்த மூலையில் எடுத்த கணக்கை நான் ஏற்பதில்லை.

வாடிய செடியை எண்ணுவது எளிய வேலைபோலத் தோன்றினாலும், அதன் காரணத்தை உறுதி செய்வதற்குத்தான் மிகுந்த பொறுமை தேவைப்படுகிறது. பச்சை நிறம் மாறாமலே இலைக்காம்புகள் தொங்கிவிட்ட செடியைப் பிடுங்கினால், வேரின் வெளிப்புறம் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். பிளேடால் கழுத்துப் பகுதியிலிருந்து வேர்வரை நெடுக்காகப் பிளக்கும்போதுதான், நீரை மேலே ஏற்றும் குழாய்த் திசு கருத்து, நடுவே ஒரு கோடாகத் தெரியும். ஆணிவேர் காய்ந்து, பக்கவேர்கள் உதிர்ந்து, தொட்டதும் முறிந்தால் அது உலர் வேரழுகல். கழுத்தில் வெண்ணிறப் பூசண இழைகள் படர்ந்திருந்தால் அது கழுத்தழுகல். இவற்றையெல்லாம் வாடல் என்றே எழுதிவிட்டால், நல்ல எதிர்ப்புத் திறன் கொண்ட வளர்ப்பு ஒன்று, தான் காணாத நோய்க்காகக் கழிக்கப்பட்டுவிடும்.

இந்தப் பணியில் என் கருத்தை மிகவும் மாற்றியவை தாமதமாக வாடும் செடிகள். எளிதில் பாதிக்கப்படும் இரகம் விதைத்து ஒரு மாதத்திற்குள்ளாகவே சாய்ந்துவிடும். வேறு சில பூக்கும் காலம்வரை நின்று, காய் பிடிக்கும் வேளையில் வாடும். இறுதிக் கணக்கெடுப்பில் இரண்டுமே இறந்த செடிகளாகத்தான் பதிவாகின்றன. தாமதமாக வாடிய செடியின் விதையும் எடை குறைந்து, பொலிவிழந்து இருப்பதால், விவசாயியின் கண்ணில் அதற்கு மதிப்பில்லை என்பது உண்மையே. ஆனால் இந்தப் பூசணத்தின் வகைகளுள் ஒன்றான இனம் 1-க்கு எதிரான திறனை மூன்று மரபணுக்கள் ஆள்கின்றன என்பதும், அவை தனித்தனியே வாடலைத் தாமதப்படுத்த மட்டுமே செய்கின்றன என்பதும், அவற்றில் ஏதேனும் இரண்டு சேர்ந்தால் முழு எதிர்ப்பு அமைகிறது என்பதும் 1980-களின் ஆய்வுகளில் தெளிவாயின. தாமதமாக வாடும் கே 850, சி 104 ஆகிய இரண்டு இரகங்களையும் கலப்பு செய்தபோது, சந்ததியில் வாடாத செடிகள் கிடைத்தன. ஆகவே, முளைத்த சில வாரங்களில் ஒருமுறையும் காய் முற்றும் முன் ஒருமுறையும் தனித்தனியே எண்ணுவதை நான் விடாப்பிடியாக வலியுறுத்துகிறேன். ஒரே ஒரு கணக்கெடுப்பு போதும் என்று எண்ணுவது, பாதி எதிர்ப்பைச் சுமந்து நிற்கும் பெற்றோரைக் குப்பையில் போடுவதாகும்.

எதிர்ப்பு என்பதை அந்த இரகத்தின் மாறாத குணமாகக் கொள்வதும் தவறு. இந்தப் பூசணத்தில் எட்டு இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. நம் வயலில் முதலில் மடியும் ஜே.ஜி. 62, மத்தியதரைக்கடல் பகுதியில் காணப்படும் இனம் 0-வைத் தாங்கி நிற்கிறது. வெப்பநிலையும் முடிவை மாற்றுகிறது. 24 பாகை செல்சியஸில் ஓரளவு தாங்கிய இரகம், 27 பாகையில் அதே இனத்திற்குப் பலியானதுண்டு. எனவே எந்த இனத்திற்கு எதிராக, எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் சோதிக்கப்பட்டது என்று குறிப்பிடாமல் "வாடல் எதிர்ப்பு இரகம்" என்று மட்டும் அச்சிடுவதை நான் எதிர்க்கிறேன்.

பயிரே இல்லாத மண்ணிலும் இந்தப் பூசணம் ஆறு ஆண்டுகள்வரை உயிர்த்திருக்கும். விதை வழியாகவும் பரவும். பயிர்ச் சுழற்சி மட்டும் இதை ஒழித்துவிடாது. டபிள்யூ.ஆர். 315 போன்ற மூலத்திலிருந்து எதிர்ப்பு மரபணுக்களை நல்ல விளைச்சல் தரும் இரகங்களுக்கு மாற்றும் வேலையை மரபணு இருப்பதைக் காட்டித்தரும் மூலக்கூறு குறியீடுகள் இன்று விரைவாக்கியுள்ளன. எனினும், குறியீடு காட்டிய ஒவ்வொரு வளர்ப்பையும் மீண்டும் நோய் வயலில் விதைத்து, வாடிய செடிகளைப் பிளந்து பார்த்த பின்னரே அடுத்த கட்டத்திற்கு அனுப்புகிறோம்.