பிஜி முதல் வருஷமும் 14416-ம்

பொது மருத்துவத்தில் முதல் வருஷ பிஜி, அதாவது மேற்படிப்பு படிக்கிற டாக்டர் நான். எங்கள் யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கிற அட்மிஷன் டே காலை எட்டு மணிக்கு வார்டுக்குள் போனால், மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்து ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு அலைந்து சாயங்காலம்தான் வெளியே வருவேன், பிஸ்கட்தான் சாப்பாடு. அப்படி ஒரு ராத்திரி கட்டுவிரியன் கடித்த பையன் ஒருவன் வந்தான். விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது, வென்டிலேட்டர் கிடைக்கிற வரைக்கும் நானும் ஹவுஸ் சர்ஜனும் மாற்றி மாற்றி, கையால் மூச்சு கொடுக்கிற ஆம்பு பேக்கை அழுத்தினோம். விடிவதற்குள் போய்விட்டான். டெத் சம்மரி எழுதிய கையோடு அடுத்த கேஸ்.

அழுகையே வரவில்லை. நாலைந்து நாள் கழித்து மெஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருந்தபோது வலது கை தானாக, ஆம்பு அழுத்துகிற அதே கணக்கில், மூடி மூடித் திறந்தது. அப்புறம் தூக்கம் போனது. பைக்கை நிறுத்திவிட்டு, வார்டுக்குப் போகாமல் அதன் மேலேயே இருபது நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். யூனிட்டில் சொன்னால் "நாங்கெல்லாம் இதைத் தாண்டித்தான் வந்தோம்" என்றார்கள். (2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, பிஜிக்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று பரிந்துரைத்தது. எனக்கு அந்த வாரம் நூறைத் தாண்டியிருந்தது.)

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மனநல ஓபி உண்டு, ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவன் என் ஹாஸ்டல்காரன். ஒரு ராத்திரி அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் நம்பர் 14416-க்குப் போட்டேன், இலவசம்தான், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ஐடி கம்பெனியில் வேலை என்று கூசாமல் பொய் சொன்னேன். பேச்சுவாக்கில் "பேஷன்ட்" என்று வாய் தவறியதும் அந்தம்மா, "எந்த டிபார்ட்மென்ட் டாக்டர்?" என்றார், அவ்வளவுதான், அரை மணி நேரம் அழுதேன். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்டார். நான் வார்டில் தினம் கேட்கிற கேள்விதான், பதில் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். சீனியர் அக்கா ஒருவரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன், அவர் பர்ஸிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார், பக்கத்து ஊர் டாக்டர். "ரெண்டு வருஷமா இவர்கிட்டதான்டா நான் போறேன்."

அந்த டாக்டர் எஸ்சிட்டலோபிராம் என்கிற மனச்சோர்வு மாத்திரை தந்தார். வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், அவசரப்படாதீங்க என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், எனக்கென்றதும் அஞ்சாம் நாளே நிறுத்தப் பார்த்தேன். அக்கா விடவில்லை. ரெண்டு அட்மிஷன் டேயை அவரே எனக்காகப் பார்த்தார்.

இப்போது தூங்குகிறேன். மாத்திரை இன்னும் ஓடுகிறது. அந்த டாக்டரின் ஓபி சீட்டில் "தொழில்" என்ற இடத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.