1 டாலருக்கு 20 பாட்டு

வீட்டில் சேர்ந்துபோன பழைய துணியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போன மாதம் ஒரு சனிக்கிழமை பழைய சாமான் கடைக்குப் போனேன். கொடுத்த கையோடு திரும்பியிருக்க வேண்டும். கடைசி வரிசையில், உடைந்த காபி மெஷின்களுக்குக் கீழே, பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கூடை நிறைய எல்பி ரெக்கார்டுகள் கிடந்தன. ஹூஸ்டனுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் இப்படி ஒரு கூடையைப் பார்த்தால் எனக்குக் குனியாமல் இருக்க முடியாது, முதுகுவலி அப்போது மட்டும் லீவு எடுத்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ் பாட்டு, சர்ச் பாட்டு, உடற்பயிற்சி சொல்லித்தரும் ரெக்கார்டு என்று தள்ளித் தள்ளிக் கடைசியில் ஒன்று சிக்கியது. 20 பாட்டு, 20 பாடகர்கள். 1980, 81 வாக்கில் கன்ட்ரி (அமெரிக்கத் தென்பகுதிக் கிராமத்துப் பாட்டிலிருந்து வளர்ந்த இசை) ஸ்டேஷனிலும் பாப் ஸ்டேஷனிலும் ஒரே நேரத்தில் ஓடிய ஹிட்டுகளின் தொகுப்பு. அட்டையில் கண்ணைக் குத்தும் மஞ்சள் எழுத்து, ‘டிவியில் பார்த்தது’ என்று ஒரு முத்திரை, விலை 1 டாலர்.

கல்லாவில் இருந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். பில் போடாமல் அட்டையைத் திருப்பி, பின்னால் இருந்த பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கிக்கொண்டே வந்தார். ஜானி லீ பாடிய ‘லுக்கிங் ஃபார் லவ்’ வந்ததும் விரல் நின்றது. கில்லீஸில் இருந்த அந்த இயந்திர மாட்டிலிருந்து தான் இரண்டு முறை விழுந்திருப்பதாகவும், இரண்டாவது முறை மணிக்கட்டு போய்விட்டதாகவும் சொல்லி, கையை நீட்டிக் காட்டினார். எலும்பு கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்திருந்தது. அப்புறம் அதே கையால் பில் போட்டார்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: கில்லீஸ் என்பது ஹூஸ்டனை ஒட்டிய பாசடீனாவில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கு நடுவே இருந்த ஒரு பிரம்மாண்டமான மதுக்கூடம். பாடகர் மிக்கி கில்லியின் பெயரில் நடந்தது. ஆலையில் ஷிஃப்ட் முடித்தவர்கள் தொப்பி மாட்டிக்கொண்டு ஆட வருவார்கள், நடுவில் மின்சாரத்தில் துள்ளும் மாடு ஒன்று. ஜான் ட்ரவோல்டா நடித்து 1980-ல் வெளியான ‘அர்பன் கவ்பாய்’ படத்தை அங்கேயே எடுத்தார்கள். அந்த மேடையில் பாடிக்கொண்டிருந்த ஜானி லீயின் பாட்டு படத்தோடு சேர்ந்து ஓடி, கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கும் பில்போர்டு பத்திரிகையின் பாப் பட்டியலில் 5-வது இடத்துக்கும் போனது. மாட்டையே கிட்டத்தில் பார்த்திராத பெருநகரத்துப் பிள்ளைகள் பூட்ஸும் தொப்பியும் வாங்கித் திரிந்த காலம் அது. பத்து வருஷத்தில் கடை மூடி, 1990-ல் கட்டடமும் தீயில் போனது.

வீட்டுக்கு வந்து முள்ளை வைத்ததும் முதலில் கேட்டது எடி ராபிட்டின் ‘ஐ லவ் எ ரெய்னி நைட்’. இது ஒன்றும் சின்ன ஹிட் இல்லை. 1981 பிப்ரவரியில் பாப் பட்டியலின் உச்சியில் டாலி பார்டனின் ‘நைன் டு ஃபைவ்’ இருந்தது, அதைத் தள்ளிவிட்டு ராபிட் ஏறினார், மார்ச்சில் டாலி மறுபடி அவரைத் தள்ளிவிட்டு ஏறினார். இரண்டு கன்ட்ரி பாடகர்கள் பாப் சிம்மாசனத்தில் நாற்காலிப் போட்டி விளையாடியிருக்கிறார்கள். இன்றைக்கு டாலியைத் தெரியாதவர் இல்லை. ராபிட்? என் ஆபீஸில் முப்பது வயதுக்குக் கீழே உள்ள டெக்சஸ்காரர்கள் நான்கு பேரைக் கேட்டுப் பார்த்தேன், நான்கு பேருக்கும் தெரியவில்லை. பாட்டைப் போட்டுக் காட்டினால் மட்டும் ‘ஓ, இதா!’ என்கிறார்கள். விரலைச் சொடுக்குவதும் கையைத் தட்டுவதும் மாறி மாறி வரும் அந்தத் தாளம் எப்படியோ எல்லார் காதிலும் இருக்கிறது. ஆளைத்தான் காணோம். இத்தனைக்கும் 1970-ல் எல்விஸ் பாடிய ‘கென்டக்கி ரெய்ன்’ பாட்டை எழுதியவர்களில் ஒருவர் இவர். பிறந்தது ப்ரூக்ளினில், வளர்ந்தது நியூ ஜெர்சியில், ஆனாலும் கன்ட்ரி பாடகர்.

அடுத்த பக்கத்தில் டெர்ரி கிப்ஸ். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பியானோ வாசித்துக்கொண்டு பாடுவார், பெண் குரலில் அப்படி ஒரு அடித்தொண்டைக் கனத்தை நான் அதிகம் கேட்டதில்லை. ‘சம்படிஸ் நாக்கின்’ பாட்டில் கதவைத் தட்டுவது யார் என்றால் சைத்தான், அதுவும் நீலக் கண்ணும் நீல ஜீன்ஸுமாக. 1981-ல் பாப் பட்டியலில் 13 வரை போனது. புதுமுகங்களுக்காக கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அந்த வருஷம் ஆரம்பித்த ஹொரைசன் விருதை முதன்முதலில் வாங்கியவரும் இவர்தான். அதன் பிறகு பாப் பக்கம் அந்த உயரத்துக்கு ஒரு பாட்டும் போகவில்லை.

இப்படிப்பட்டவர்களை நினைத்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இரண்டு வீட்டுக்கும் உறவு என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கு இரண்டு வீட்டுப் பந்தியிலும் இலை போடவில்லை. கன்ட்ரி ஆட்களுக்கு இவர்கள் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். 1974-ல் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு அதே அசோசியேஷன் சிறந்த கன்ட்ரி பாடகி விருதைக் கொடுத்ததும், ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் என்ற பாடகத் தம்பதியின் வீட்டில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் பாடகர்கள் கூடித் தனிச் சங்கமே அமைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் நடந்தது அதைவிடக் கூத்து. அந்த ஆண்டின் முதன்மைக் கலைஞர் யார் என்று அறிவிக்க மேடைக்கு வந்த கன்ட்ரி பாடகர் சார்லி ரிச், உறையைப் பிரித்து, பாப் பக்கத்து ஆள் என்று பலர் நினைத்த ஜான் டென்வர் பெயரைப் பார்த்து, லைட்டரை எடுத்து அந்தக் காகிதத்தை அங்கேயே கொளுத்தினார். தொலைக்காட்சியில், நேரலையில். டென்வர் ஆஸ்திரேலியாவிலிருந்து செயற்கைக்கோள் வழியாக நன்றி சொன்னார். இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டு வருஷம் முன்னால் ‘தி மோஸ்ட் பியூட்டிஃபுல் கேர்ள்’ பாட்டோடு பாப் பட்டியலின் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தவர் சாட்சாத் இதே சார்லி ரிச்தான். வயலின் கூட்டமும் கோரஸும் வழியும் பாட்டு அது! அன்றைக்கு மருந்தும் மதுவும் சேர்ந்து வேலை செய்தன என்றும் சொல்கிறார்கள், டென்வர் மேல் கோபமே இல்லை என்றும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அந்தக் காகிதத்தில் தன் பெயரும் கொஞ்சம் எரிந்தது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் படுகிறது.

பிறகு 1986-ல் ராண்டி ட்ராவிஸ் ‘ஸ்டார்ம்ஸ் ஆஃப் லைஃப்’ ஆல்பத்தோடு வந்தார். பழைய ஃபிடிலும் (கிராமத்துப் பாணியில் வாசிக்கும் வயலின்தான்) ஸ்டீல் கிடாரும் திரும்பி வந்தன, கன்ட்ரி ஸ்டேஷன்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. பாப் பக்கமோ பாட்டை வீடியோவாகக் காட்டும் எம்டிவி சேனலின் காலம், பார்ப்பதற்கும் ஆள் பளபளப்பாக இருக்க வேண்டும். நடுவில் நின்றவர்களுக்குப் போக இடமில்லை. அவர்களுக்குக் கிடைத்த சத்திரம்தான் இந்தத் தொகுப்பு ரெக்கார்டு. ஒரே பாட்டோடு வந்தவருக்கும் அங்கே ஒரு பாய் உண்டு. பெரிய நட்சத்திரங்களின் பாட்டுக்கு உரிமை வாங்குவது செலவு, சிலருடையது கிடைக்கவே கிடைக்காது. அதனால் தொகுப்பவர்கள் இந்தச் சின்னப் பெயர்களைக் கொண்டு இடத்தை நிரப்பினார்கள். பாசத்தில் செய்ததில்லை, கணக்குப் பார்த்துச் செய்ததுதான், ஆனாலும் டெர்ரி கிப்ஸ் என் வீட்டு ஹாலுக்கு வந்தது அந்தக் கணக்கால்தான்.

இந்த வியாபாரத்தைத் தொடங்கி வைத்தவர் கதை தனிச் சுவாரசியம். பிலிப் கைவ்ஸ், கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை. டிவி விளம்பரத்தில் ஒட்டாத வாணலி விற்றார், ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் கத்தி விற்றார், 1966-ல் வாணலி விற்ற அதே தொண்டையில் 25 கன்ட்ரி பாட்டுகளை ஒரே ரெக்கார்டில் போட்டு விற்றார். அதுதான் அவருடைய கே-டெல் கம்பெனி. விளம்பரத்தில் ஒரு குரல் மூச்சு விடாமல் பாட்டுப் பெயர்களை அடுக்கும், பின்னால் ஒவ்வொரு பாட்டும் மூன்று வினாடி வந்து போகும். உள்ளே இருப்பது அசல் பாடகர் பாடிய அசல் ஹிட் என்பதுதான் அவர்களுடைய பெரிய மார்தட்டல். அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

முதலில் தட்டைப் பாருங்கள். சாதாரண எல்பியில் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு பாட்டு, இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின். இங்கே ஒரு பக்கத்துக்கு பத்து. விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய பளபளப்பான வளையம் தலைமுடி மாதிரி மெலிந்திருக்கிறது. கோடுகளை நெருக்கிப் போட்டால் சத்தத்தைக் குறைக்க வேண்டும், அடித்தாளம் அகலமான கோடு கேட்கும் என்பதால் அதையும் குறைக்க வேண்டும். ஆக, ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கூட்டினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் கூடி, வாணலியில் அப்பளம் பொரிகிற சத்தம். அப்படியும் இடம் போதாவிட்டால் பாட்டையே கத்தரித்துவிடுவார்கள். கடைசிச் சரணம் முடிவதற்குள் மெல்லத் தேய்ந்து அடங்கிவிடும். கேசட் காலத்தில் நம் ஊர் ரெக்கார்டிங் சென்டரில் ஏ பக்கக் கடைசிப் பாட்டு பல்லவியோடு டக்கென்று அறுந்து நிற்குமே, அந்தக் கொடுமையை நாகரிகமாகச் செய்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்காதது வேறு ஒன்று. சில வருஷம் முன்னால் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க் ஒன்றில் இதே மாதிரி ஒரு சிடி தொகுப்பு வாங்கினேன், மூன்று டிஸ்க், ஏழோ எட்டோ டாலர். காரில் போட்டேன். எனக்கு மிகவும் பிடித்த ஒரு பாடகியின் பாட்டு (பெயர் வேண்டாம், அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை) ஆரம்பித்த மூன்றாவது வினாடியில் என்னவோ சரியில்லை. குரல் அவருடையதுதான், ஆனால் இருபது வருஷம் கூடியிருக்கிறது. வயலின் வரிசை வர வேண்டிய இடத்தில் கீபோர்டு. டிரம்ஸ் ஏதோ பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அட்டையின் கீழ் ஓரத்தைப் பார்த்தால், எறும்பு எழுத்தில்: ‘சில பாடல்கள் அசல் கலைஞர்களால் மறுபடி பதிவு செய்யப்பட்டவை.’ சில இல்லை, முக்கால்வாசி.

கோபம் அடங்கின பிறகு யோசித்தால் பாடகர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அசல் பதிவு பொதுவாகக் கம்பெனிக்குச் சொந்தம். ஒப்பந்தத்தில் இத்தனை வருஷத்துக்கு அதே பாட்டை வேறு யாருக்கும் பாடித்தரக் கூடாது என்று இருக்கும். அந்தக் காலம் முடிந்ததும் ஒரு மதியம் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்து தன் ஹிட்டையெல்லாம் மறுபடி பாடிக் கொடுத்தால், மலிவாகத் தொகுப்பு போடுபவன் அதை வாங்கிக்கொள்வான், பாடகர் கைக்கும் நாலு காசு வரும். 2021-லிருந்து டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களைத் திரும்பப் பாடி வெளியிட்டாரே, அவரும் கன்ட்ரியிலிருந்து பாப்புக்குத் தாண்டியவர்தான். வித்தியாசம் என்னவென்றால் அவர் அதைப் பெரிய எழுத்தில் அட்டையிலேயே சொன்னார். என்னிடம் விற்றவன் எறும்பு எழுத்தில் சொன்னான். கே-டெல் ஏன் அவ்வளவு மார்தட்டியது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

என் காது இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அப்பா காரணம். பொன்மலை ரயில்வே காலனியில் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடமிருந்து வாங்கிப் பதிவு செய்த ஒரு ஜிம் ரீவ்ஸ் கேசட் அவரிடம் இருந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் கன்ட்ரி என்ற சொல்லே தெரியாதவர்கள்கூட ஜிம் ரீவ்ஸைக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். ஏன் என்றால் அவர் கன்ட்ரி மாதிரியே இருக்க மாட்டார். நாஷ்வில்லில் இசைத் தயாரிப்பாளர்கள் செட் அட்கின்ஸும் ஓவன் பிராட்லியும் ஃபிடிலை ஓரம் கட்டிவிட்டு வயலின் கூட்டத்தையும் பின்னணிக் குரல்களையும் கொண்டுவந்த காலம் அது. நாஷ்வில் சவுண்டு என்றால் என்ன என்று கேட்டவர்களிடம் அட்கின்ஸ் பாக்கெட்டில் கிடந்த சில்லறையைக் குலுக்கிக் காட்டினார் என்பார்கள். 1960-ல் பாப் பட்டியலில் 2-வது இடம் வரை போன ‘ஹீல் ஹேவ் டு கோ’ பாட்டில் ரீவ்ஸ் மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு பாடுவது மாதிரி இருக்கும். அப்பாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அந்தப் பாட்டு ஓடும்போது யாராவது பேசினால் கையை மட்டும் தூக்குவார், பேச்சு நின்றுவிடும். அந்த கேசட்டில் இரண்டாவது பாட்டு நடுவில் நாடா ஒருமுறை சுருண்டு குரல் வளையும். பின்னாளில் நல்ல பதிவில் கேட்டபோது அந்த வளைவு வராதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

இப்போது இந்த 1 டாலர் தட்டிலும் அது ஆரம்பித்துவிட்டது. ஜூஸ் நியூட்டனின் ‘ஏஞ்சல் ஆஃப் தி மார்னிங்’ இதில் இருக்கிறது, 1968-ல் மெர்ரிலீ ரஷ் பாடி ஹிட்டான பாட்டை 1981-ல் இவர் பாடி 4-வது இடத்துக்குக் கொண்டுபோனார். நான்கு நிமிடத்தை ஒட்டிய பாட்டு, என் தட்டில் மூன்றைத் தொடும் முன்பே தேய ஆரம்பித்துவிடும். ஒரு மாதமாகத் தினமும் அதைத்தான் கேட்கிறேன். நேற்று மளிகை வாங்கப் போன இடத்தில் மேலே ஸ்பீக்கரில் இதே பாட்டு முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. என் தட்டில் தேய்கிற இடம் வந்ததும் முள்ளை எடுக்கக் கை தானாக உயர்ந்தது. கையில் தயிர் டப்பா. பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது, பின்னால் வண்டி தள்ளிக்கொண்டு நின்ற ஒருவர் வழி கேட்டார்.