பெரிய வெள்ளிக்கு ஒரு கொலை

எங்கள் வீட்டில் பெரிய வெள்ளியன்று ஆணி அடிக்கக்கூடாது. அம்மா வியாழன் இரவே சுத்தியலை எடுத்து ஒளித்துவிடுவார். றேடியோ போடக்கூடாது, தலை இழுக்கக்கூடாது, சத்தமாகச் சிரித்தால் அப்பு பார்வையாலேயே அடிப்பார். காலையில் கஞ்சி, பின்னேரம் கோயிலில் வியாகுலப் பிரசங்கம். யாழ்ப்பாணக் கரையோரத்தில் ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில் இப்படி வளர்ந்தவள் நான். 2004 மார்ச்சில் ஒஸ்லோவில் வந்து இறங்கினேன். மூன்றாம் கிழமையே பெரிய கிழமை.

சாமான் வாங்கக் கடைக்குப் போனால் எங்கும் மஞ்சள். மஞ்சள் மெழுகுதிரி, பஞ்சில் செய்த மஞ்சள் கோழிக்குஞ்சு, குவித்து வைத்த தோடம்பழம். அதற்குப் பக்கத்தில் ஒரு மேசை நிறையப் புத்தகங்கள். ஒரு அட்டையில் பனிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கை. இன்னொன்றில் கத்தி. கோழிக்குஞ்சு ஒன்று அந்தக் கத்தி மேலேயே விழுந்து கிடந்தது.

"இதென்னப்பா?" என்று இவரைக் கேட்டேன்.

இவர் 1987 இல் வந்தவர். வட நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் நின்று, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கியவர். இந்த நாட்டில் எதைக் கண்டும் ஆச்சரியப்படுவதை நிறுத்திப் பல வருசமாகியிருந்தது. "அது போஸ்கெகிரிம். பாஸ்குவுக்குக் கொலைக்கதை வாசிப்பினம்" என்றார், முட்டை விலையைப் பார்த்தபடி.

ஈஸ்டரை நாங்கள் சொல்கிற பாஸ்குவும் இவர்களுடைய போஸ்கெயும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள் என்பது அப்போதுதான் காதில் விழுந்தது. சொல் ஒன்றுதான். நாங்கள் அழுதோம், இவர்கள் கொலைகாரனைத் தேடுகிறார்கள்.

அதன் கதையைப் பிறகு நூலகத்தில் படித்தேன். 1923 மார்ச் 24, குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள். ஒஸ்லோவுக்கு அப்போது கிறிஸ்தியானியா என்று பெயர். அப்தன்போஸ்தன் பத்திரிகையின் முதல் பக்கத்தில் 'பேர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளையடிக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்து. பாஸ்கு விடுமுறைக்கு மலைக்குப் போகும் சனம் ஏறுகிற ரயில் அது. வாசித்தவர்களில் பலர் உண்மைச் செய்தி என்றே நம்பிவிட்டார்கள். அது ஒரு புதிய நாவலின் தலைப்பு, பதிப்பகம் போட்ட விளம்பரம். எழுதியவர்கள் நூர்தால் கிரீக், நில்ஸ் லீ என்ற இரண்டு இளம் மாணவர்கள், ஒரு புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டு. பதிப்பகத்தை நடத்தியவர் கிரீக்கின் அண்ணன் ஹரால்ட். ஒரு நாட்டின் வாசிப்புப் பழக்கமே ஒரு புளுகிலிருந்து தொடங்கியிருக்கிறது என்பது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

ரயில் கொள்ளை என்றதும் நான் வேறு எதையோ நினைத்தேன். யாழ்தேவி ரயில் எங்கள் பக்கம் வருவது நின்றுபோனபோது எனக்கு ஏழு வயது. 1990. அதற்குப் பிறகு எங்களுக்குத் தண்டவாளம் என்பது ஒரு சொல். சிலிப்பர் கட்டைகள் பங்கருக்குப் போய்விட்டன. ரயில் வராத ஊரில் ரயிலை எப்படிக் கொள்ளையடிப்பது என்று ஒரு நாவல் எழுதலாம். எங்கள் ஊரில் தண்டவாளத்தையே கொண்டுபோய்விட்டார்கள். அது எந்த நாவலிலும் வரவில்லை.

நாவல் எனக்குப் புதிதில்லை. எங்கள் வாசிகசாலையில் இந்தியப் பொக்கெற் நாவல்கள் இருந்தன. பாதை பூட்டிய பிறகு புதிதாக எதுவும் வரவில்லை, இருந்ததே சுற்றிச் சுற்றி வந்தது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு எரிக்கிற விளக்கில் நானும் அக்காவும் தலையோடு தலை முட்டிக்கொண்டு வாசிப்போம். கடத்தல், கள்ளக் கையெழுத்து, உயில், மாறுவேடம், எல்லாம் உண்டு. ஆனால் எங்களுக்கு முதல் அதை வாசித்த யாரோ ஒரு புண்ணியவான், கொலைகாரனின் பெயர் முதன்முதல் வருகிற இடத்திலேயே நீலப் பேனையால் அம்புக்குறி போட்டு 'இவன்தான்' என்று எழுதிவைத்திருப்பார். ஏழாம் பக்கத்திலேயே கதை முடிந்தது. கையெழுத்து யாருடையது என்று ஊருக்கே தெரியும். கேட்க ஒருவருக்கும் துணிவில்லை, அவர்தான் வாசிகசாலைக்குத் திறப்பு வைத்திருந்தவர்.

அதனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. யார் செய்தது என்பதை விட்டுவிட்டு, எழுதுகிறவர் எங்கே எங்களைப் பேய்க்காட்டுகிறார் என்று பார்ப்பது. கொலைகாரன் அறைக்குள் வரும்போது எழுத்தாளர் அவனை எவ்வளவு சாதாரணமாகக் கடந்துபோகிறார், அவன் குடிக்கிற தேத்தண்ணியைப் பற்றி ஏன் ஒரு வசனம் கூட எழுதுகிறார் என்று.

ஒஸ்லோவில் நான் முதன்முதலாக வாசித்த திகில் கதை ஒரு பால் பெட்டியில் இருந்தது. நம்பாதவர்கள் பாஸ்கு நாட்களில் நோர்வேக் கடைக்குப் போய்ப் பாருங்கள். தீனெ நிறுவனத்தின் பால் பெட்டிப் பக்கத்தில் ஒரு குட்டிச் சித்திரக்கதை அச்சடித்திருக்கும், குற்றவாளி யார் என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியோடு இரண்டு பின்னேரம் மல்லுக்கட்டினேன். பால் முடிந்தது, பெட்டியை எறியவிடவில்லை. "நீர் என்ன, பொலிஸில சேரப்போறீரோ?" என்றார் இவர்.

மொழி வகுப்பில் ஓரளவு தேறியதும் நூலகத்தில் ஒரு தடித்த நாவலை எடுத்தேன். அங்கேதான் யிஃப்ட் என்னைக் கவிழ்த்தது. வந்த நாள் முதல் நிரப்பிய எல்லாப் படிவத்திலும் நான் புள்ளடி போட்ட பெட்டி அது. யிஃப்ட் என்றால் திருமணமானவர். நாவலின் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வைத்தியர், கோப்பிக்குள் யிஃப்ட் இருந்தது என்கிறார். கோப்பிக்குள் எப்படிக் கலியாணம்? அரை மணித்தியாலம் யோசித்து அகராதியைப் புரட்டினால், அதே எழுத்து, அதே உச்சரிப்பு: நஞ்சு. இவரிடம் சொன்னேன். "பதினேழு வருசமாத் தெரியும், சொல்லப் பயமாயிருந்தது" என்றார்.

அடுத்தது ஷில்டி. மின்சாரக் கட்டணக் கடிதத்தில் வருகிற சொல், கட்டவேண்டிய தொகை என்று அர்த்தம். நாவலில் நீதிபதி எழுந்து, இவன் ஷில்டி என்கிறார். கரண்ட் காசு கட்டாததற்கா இவ்வளவு பெரிய வழக்கு என்று நினைத்தேன். குற்றவாளிக்கும் கடன்காரனுக்கும் இவர்களிடம் ஒரே சொல். அது எனக்கு அவ்வளவு அந்நியமாகப் படவில்லை, எங்கள் ஊரில் கடன்பட்டவன் நடந்துபோகிற விதத்தைப் பார்த்திருக்கிறேன்.

அந்த நாவலை நான் முடிக்கவில்லை. இங்கே மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பையில் வைத்திருக்கும் குவிக் லுன்ஷ் என்ற சொக்லேற் ஒன்று உண்டு, 1937 இலிருந்து வருகிறது. உறைக்கு உள்ளே மலையேறுவோருக்கான விதிகளை அச்சடித்திருப்பார்கள். அதில் ஒன்று, நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. சொக்லேற்றைத் தின்று, உறையை அடையாளமாகச் சொருகி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

2007 இல் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை கிடைத்தது. எங்கே என்று எழுத மாட்டேன், அங்கே இருந்தவர்களின் பெயரும் எழுத மாட்டேன். வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்து வைத்த முதல் தாள் அது, வாய் திறக்கக்கூடாத கடமை. பெரிய கிழமை வந்தால் நோர்வேக்காரர் பலர் மலையில் உள்ள மரவீடுகளுக்குப் போய்விடுவார்கள். வியாழன், வெள்ளி, திங்கள் எல்லாம் அரச விடுமுறை, கடைகள் பூட்டு. அந்த நாட்களின் வேலை முறைகளை எடுப்பவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள்தான். கூடுதல் சம்பளம். அவர்கள் மலையில் வெய்யிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு கொலைக்கதை வாசிக்க, நாங்கள் அவர்களுடைய அம்மாமாருக்கு மருந்து கொடுத்தோம்.

மூலை அறையில் ஒரு கிழவி இருந்தார். தொண்ணூறைத் தாண்டியவர், கண் பார்வை மங்கல், காது மட்டும் வௌவால் காது. முதல் பாஸ்குவில் ஒரு பழைய நாவலை என் கையில் தந்து, வாசி என்றார்.

எனக்கு அவரை 'டு' என்று கூப்பிட வாய் வரவில்லை. எங்களிடம் நீ இருக்கிறது, நீர் இருக்கிறது, நீங்கள் இருக்கிறது. இவர் என்னை நீர் என்பார், நான் இவரை நீங்கள் என்பேன், தம்பியை நீ என்பேன். இங்கே குழந்தைக்கும் டு, பிரதமருக்கும் டு. மரியாதைச் சொல் ஒன்று முன்பு இருந்தது, எழுபதுகளோடு பேச்சிலிருந்து அநேகமாக மறைந்துவிட்டது. அதனால் பல மாதமாக அவரோடு முன்னிலையே இல்லாமல் கதைத்தேன். 'தண்ணீர் வேண்டுமா', 'கால் வலிக்கிறதா' என்று. ஒரு நாள் பிடித்துவிட்டார். "நீ என்னை ஏன் ஒன்றுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை?" விளக்கினேன். "நான் என்ன ராசாவா?" என்று சிரித்தார். ஆனால் அந்தப் பழைய நாவலில் பாத்திரங்கள் ஒருவரையொருவர் மரியாதைச் சொல்லால்தான் அழைத்தார்கள். கோபம் வந்த ஒரு இடத்தில் ஒருவன் திடீரென்று டு என்று விடுவான். அந்த இடத்தில் கிழவி கையை உயர்த்தி நிறுத்தினார். "கேட்டாயா? இங்கே கத்தியை எடுத்துவிட்டான்" என்றார். கத்தி வர இன்னும் நாற்பது பக்கம் இருந்தது. இப்போதைய நோர்வே மொழியில் அந்த வித்தையை ஒரு எழுத்தாளர் செய்ய முடியாது. தமிழில் செய்யலாம்.

கதை ஒரு மேற்குக்கரைக் கிராமத்தில் நடக்கிறது. வைத்தியர், கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், பாதிரியார். ஒரு பழைய பொய், அதை மூட இன்னொரு பொய், அதை மூட ஒரு கொலை. கொலைகாரர் பாதிரியார். எனக்கு அது முதல் தடவை வாசித்தபோது நெஞ்சில் இடித்தது, அதுவும் பெரிய கிழமையில். அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லவே இல்லை.

அடுத்த பாஸ்குவில் அதே புத்தகத்தை நீட்டினார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன், அந்த வயதில் நடக்கிறதுதானே. வாசித்தேன். வைத்தியர்தான் என்று அடித்துச் சொன்னார். கடைசியில் "அட, பாதிரியா!" என்று வாயைப் பொத்தினார். மூன்றாம் வருசமும் அதே புத்தகம். இப்போது எனக்கு என் பழைய கெட்ட பழக்கம் திரும்பியிருந்தது. அம்புக்குறி போட்டவர் மாதிரி எல்லாம் தெரிந்தவளாக இருந்துகொண்டு, எந்த இடத்திலும் காட்டிக்கொடுக்காமல் வாசித்தேன். காட்டிக்கொடுக்காமல் இருப்பதில் எனக்குப் பயிற்சி உண்டு. 1996 க்குப் பிறகு சோதனைச் சாவடிகளால் பள்ளிக்கூடம் போய் வந்தவள் நான். தூரத்தில் சாக்கால் முகத்தை மூடிய, ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி இருப்பான், அவன் தலை ஆடினால் முடிந்தது. "அண்ணா எங்கே?" என்பான் சிப்பாய். "கொழும்பில" என்பேன். அண்ணா கொழும்பில் இல்லை. ஒரு நாளும் என் குரல் இறங்கியதில்லை.

இடையில் ஒரு கோடையில் நானும் இவரும் பேர்கன் ரயிலில் போனோம். என் வாழ்க்கையில் முதல் நீண்ட ரயில் பயணம், ஏழு மணித்தியாலத்துக்குக் கிட்ட. 1,222 மீற்றர் உயரத்தில் ஃபின்சே நிலையம், காரில் போக வீதி கிடையாது. கோடையிலும் பனி. இவர் தோசையைப் பிரித்தார். கொள்ளைக்காரர் ஒருவரும் வரவில்லை.

நாலாம் பாஸ்கு. பெரிய வியாழன் பின்னேரம். அதே அறை, யன்னலில் மஞ்சள் மெழுகுதிரி. எரிக்கக்கூடாது, தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும், அதனால் அது சும்மா நிற்கும். நான் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன்.

"அதை வை" என்றார். "பாதிரிதான் செய்தது."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"முதல் வருசமே தெரியும். எண்பது வருசத்துக்குள் இதைப் பத்துத் தடவை வாசித்திருப்பேன். உன் வாசிப்பைக் கேட்கத்தான் தந்தேன். சொற்கள் வருசத்துக்கு வருசம் நேராகிக்கொண்டு வந்தன." ஒரு துண்டுத் தோடம்பழத்தை வாயில் போட்டார். "ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. பாதிரி அறைக்குள் வந்தால் உன் குரல் இறங்குகிறது. கோயிலுக்குள் நுழைகிறவள் மாதிரி. உனக்குப் பொய் வராது."

சாவடிக் கதையை அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"அந்த அலுமாரியில் பச்சை அட்டை ஒன்று இருக்கிறது, எடு. மகன் நத்தாருக்குக் கொண்டுவந்தது. நானும் வாசிக்கவில்லை, நீயும் வாசிக்கவில்லை."

இரவு மருந்து வண்டி வரும்வரை வாசித்தோம். ஆறாம் அதிகாரத்தில் ஒரு மனுசி கையெழுத்துப் போட்ட கடிதம் அவளுடையதே இல்லை என்று தெரியவருகிறது. வண்டிச் சில்லின் சத்தம் கேட்டதும் புத்தகத்தை மூடினேன்.

"நாளைக்குப் பெரிய வெள்ளி" என்றார். "லீவா?"

"இல்லை, இரண்டு மணிக்கு வருவேன்."

"அப்ப ஏழாம் அதிகாரம்."