கவுன்சிலும் அம்மாவும்: இங்கிலாந்து, 2025 நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

காலை முழுதும் உள்ளூராட்சிக் கவுன்சில் தொலைபேசியில் பாட்டுத்தான் கேட்டேன். கடைசியில் ஒரு பெண் எடுத்தார். அம்மாவுக்கு என்ன உதவி தேவை என்று வந்து மதிப்பிடுகிற பட்டியலில் பெயர் இருக்கிறதாம், எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாதாம். வீட்டில் ஆபத்து ஏதும் உண்டா என்று கேட்டார். அடுப்பு என்றேன். மின்சாரமா, எரிவாயுவா? எரிவாயு. அதன் பிறகு வெகுநேரம் தட்டச்சு செய்யும் சத்தம் மட்டுமே கேட்டது.

மார்ச் 5, புதன்

அம்மாவின் தாலிக்கொடியைக் காணவில்லை.

இரவு: அரிசி வாளிக்குள் இருந்தது. அம்மாவுக்குக் கோபம். வைத்த இடத்தில் இருக்க விடமாட்டீர்களா என்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

முதியோர் பராமரிப்புக்கு அரசு தரும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் படிவம். குசினி மேசையில் விரித்து வைத்து இரவு வரை எழுதினேன். சேமிப்பையோ வருமானத்தையோ பார்த்துத் தருகிற பணம் அல்ல இது, பராமரிப்புத் தேவையைப் பார்ப்பது. தொலைபேசியில் படிவம் கேட்ட நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் திருப்பி அனுப்பினால் கேட்ட நாளிலிருந்தே கணக்கு. அதனால்தான் இந்த அவசரம்.

நல்ல நாளை எழுதாதே, மோசமான நாளை எழுது என்று சென்டரில் இருக்கும் அக்கா சொல்லியிருந்தார். எழுதினேன். சட்டையைத் தலைகீழாக மாட்டுவார். கழிப்பறைக்குப் போய்விட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவார். இரவில் மூன்று நான்கு தடவை எழும்பி வாசற்கதவைத் தள்ளிப் பார்ப்பார். எதிர்க் கதிரையில் உட்கார்ந்து முருங்கையிலை உருவிக்கொண்டே அம்மா கேட்டார்: "என்ன பிள்ளை எழுதுகிறாய்?"

"உங்கள் பென்சன் பேப்பர் அம்மா."

"அப்படியென்றால் வடிவாக எழுது. கிறுக்காதே."

வடிவாகத்தான் எழுதினேன்.

மார்ச் 20, வியாழன்

டொரொண்டோவிலிருந்து தம்பி. வெளியாட்களை வீட்டுக்குள் விடவேண்டுமா அக்கா, சனம் என்ன கதைக்கும் என்கிறான். சனம் வந்து ஒரு தடவை அம்மாவைக் குளிப்பாட்டட்டும், பிறகு கதைக்கட்டும். இதை அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

கதவு. கதவு. கதவு. விடிந்துவிட்டது.

ஏப்ரல் 10, வியாழன்

மதிப்பீட்டுக்குக் கவுன்சில் சோசியல் வேர்க்கர் வந்தார், கூடவே மொழிபெயர்ப்பாளரும். அம்மா காலையிலேயே காஞ்சிபுரம் சேலை, பவுடர், கழுத்தில் கொடி. இத்தனை மாதமாகத் தேடி எடுக்க முடியாத சேலை அலுமாரியின் எந்த மூலையிலிருந்து வந்ததோ!

யார் சமைப்பது? நான்தான். யார் குளிக்க உதவுவது? எனக்கு எதற்கு உதவி? மகள் வேலையால் களைத்து வருவாள், அவளுக்கும் நான்தான் சோறு போட்டுக் கொடுப்பேன். மொழிபெயர்ப்பாளர் அத்தனையையும் அழகான ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போகிறார். எனக்கு வயிறு எரிந்தது. கவுன்சில் உதவி கிடைக்க, சட்டப்படி பத்து விஷயங்களில் இரண்டையாவது தனியாகச் செய்ய முடியாமல் இருக்கவேண்டும். என் தாய் பத்தையும் செய்கிறவராக உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. நல்ல தேத்தண்ணீர் கிடைக்குமா என்று அம்மாவிடமே கேட்டார். அம்மா மகிழ்ச்சியோடு எழுந்து போனார். மின்சாரக் கேத்திலைத் தூக்கி எரிவாயு அடுப்பின் மேல் வைத்துத் திருகைத் திருப்பினார். நீலத் தீ அடிப்பக்க பிளாஸ்டிக்கைத் தொட்டது. கருகிய வாடை வருவதற்குள் சோசியல் வேர்க்கர் அடுப்பை அணைத்துவிட்டு, "உங்கள் சேலை எவ்வளவு வடிவு!" என்றார். பிறகுதான் எழுதத் தொடங்கினார்.

வாசலில் என்னிடம் கேட்டார்: உங்களுக்கு? 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தில் பராமரிப்பவருக்கும் தனி மதிப்பீடு உண்டு, அம்மா வேண்டாம் என்றாலும் உங்களுக்கு உண்டு என்றார். நான் நன்றாக இருக்கிறேன் என்றேன். அம்மாவின் மகள் அல்லவா. சிரித்துவிட்டு நாள் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 16, புதன்

பணக் கணக்கு. அம்மாவுக்கு 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் பராமரிப்பின் முழுச் செலவும் நாமே. 14,250க்குக் கீழே என்றால் சேமிப்பைத் தொடமாட்டார்கள், வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். வீட்டிலேயே பராமரிப்பு நடக்கும்வரை வீட்டின் பெறுமதி கணக்கில் வராது. சரி. கொடி? இரவு முழுதும் அதுதான் மண்டைக்குள். எழுதிக் கொடுக்கவேண்டுமா, விற்கச் சொல்வார்களா? தொலைபேசியில் கேட்டேன். சொந்த நகை கணக்கில் இல்லையாம், பணத்தை மறைப்பதற்கென்று வாங்கியதாக இருந்தாலொழிய. 1961இல் பருத்தித்துறையில் இந்தக் கவுன்சிலை ஏய்க்க யார் தாலி கட்டினார்கள்?

படுக்கை விரிப்புத் துவைக்கும் செலவு, பேட், கூடுதல் ஹீட்டிங் எல்லாவற்றுக்கும் ரசீது வைக்கச் சொன்னார். நோயினால் வரும் செலவென்று கழிப்பார்களாம். பழைய பிஸ்கட் டின் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

மே 2, வெள்ளி

அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கடிதம் வந்தது. இரவும் பகலும் உதவி தேவை என்று ஒப்புக்கொண்டு மேல் விகிதம், வாரம் 110.40 பவுண்டு. அழுதேன், ஏனென்று தெரியவில்லை.

இனி நான் பராமரிப்பவருக்கான கேரர்ஸ் அலவன்ஸ் கேட்கலாம். வாரம் 35 மணி நேரம் பார்த்தால் 83.30. மணிக்கு 2.38 வருகிறது. கடைச் சம்பளம் வாரம் 196க்கு மேல் போகக்கூடாது. பதினாறு மணி நேரம், 12.21 வீதம், 195.36. மேலாளர் ஒரு மணி நேரம் கூட நிற்கச் சொன்னால் அந்த வாரத்து அலவன்ஸ் முழுதும் போயிற்று. சிறிது சிறிதாகக் குறைப்பது என்ற பேச்சே இல்லை. இந்தக் கணக்கைப் போட்டவர் ஒருநாளாவது கடையில் நின்றிருப்பாரா?

மே 12, திங்கள்

பராமரிப்பு ஏஜென்சிப் பெண் வந்தார். காலையில் அரை மணி நேரம். அம்மா குளியலறைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டார். அரை மணி நேரம் முடிந்தது.

மே 15, வியாழன்

இன்று வேறு பெண். கொடியைக் காணவில்லை. அவள்தான் எடுத்தாள் என்று அம்மா அவர் முகத்துக்கு நேரே சொல்கிறார். தமிழ் விளங்காவிட்டாலும் நீட்டிய விரல் விளங்காதா? அந்தப் பெண் கையுறையைக் கழற்றியபடி, போன வீட்டில் மூக்குக்கண்ணாடியைத் திருடியவள் நான் என்றார். இருவரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார்.

மே 19, திங்கள்

கவுன்சில் ஆள் அனுப்புவதற்குப் பதிலாக நேரடிப் பணமாக வாங்கினால் நாமே ஆள் வைக்கலாம், தமிழ் பேசுகிறவராக. ஆனால் அப்போது நான் முதலாளி: ஒப்பந்தம், காப்புறுதி, விடுமுறைச் சம்பளம். ஒரே வீட்டில் இருக்கும் உறவினருக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கப் பொதுவாக விடமாட்டார்கள். தம்பி கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

மே 27, செவ்வாய்

என் மதிப்பீடு. தொலைபேசியில்தான். கடைசியாக உங்களுக்காக எப்போது வெளியே போனீர்கள்? பதில் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதா என்று கேட்டார்கள். புதன் பிற்பகல் வேண்டும் என்றேன். எதற்கு? ஒன்றுக்குமில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்கிறேன் என்றார்கள்.

ஜூன் 6, வெள்ளி

அரிசி வாளி, மாவு டின், தலையணை உறை, சுவாமித் தட்டு, ஹூவர் பை. இல்லை.

ஜூன் 9, திங்கள்

நேரடிப் பணம் சரிவந்துவிட்டது. வல்வெட்டித்துறைப் பெண் ஒருவர் வியாழன் காலை வருகிறார். எந்த ஒழுங்கை, யாருடைய மகள் என்று அம்மா விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அதற்குள் குளியலறைக்குக் கைப்பிடி பொருத்த ஆள் வரவேண்டும். ஆயிரம் பவுண்டுக்கு உட்பட்ட வேலை என்பதால் நாம் காசு கட்டத் தேவையில்லை. சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஓட்டுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லையே, எதில் பூட்டுவது என்று போனவர் இன்னும் திரும்பவில்லை.