நேரம் குறித்துக் கொண்டாடும் ஊர்

சுவீடன்காரர்கள் உணர்ச்சியே காட்ட மாட்டார்கள் என்று, மதுரையிலிருந்து கிளம்பும் முன்பே ஆளாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்கள், லிஃப்டில் முகம் பார்க்க மாட்டார்கள், சத்தமாகச் சிரித்தால் திரும்பிப் பார்ப்பார்கள். இதில் பாதி உண்மைதான். மீதியைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ராத்திரி எட்டு மணிக்கு இவர்கள் வீட்டு சோபாவில் இடம் பிடிக்க வேண்டும்.

எனக்கு அந்த இடம் கிடைத்தது துணி துவைக்கும் அறையின் புண்ணியத்தில். ஸ்டாக்ஹோம் பக்கம் பழைய அடுக்ககங்களில் வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் இருக்காது. அடித்தளத்தில் ஒரு பொது அறை, அதற்கு ஒரு முன்பதிவுப் பலகை. உங்கள் நேரம் முடிந்து ஐந்து நிமிடம் ஆகியும் துணி கிடந்தால், பெயர் போடாத ஒரு கடிதம் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். அந்த அறையில்தான் கீழ்வீட்டு அம்மா பழக்கமானார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தலையணை உறைகளை மடித்துக்கொண்டே, "சனிக்கிழமை மெல்லோ பார்க்க வாயேன், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

மெல்லோ என்பது மெலோடிஃபெஸ்டிவாலென். யூரோவிஷன் என்ற ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டிக்கு சுவீடன் சார்பாகப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. ஊர் ஊராக மேடை போட்டு, ஆறு சனிக்கிழமை நேரலையாக ஓடும். அன்று கீழ்வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா வெள்ளி ஜிகினா சட்டையில் இருந்தார். வாரம் முழுக்க கருநீலக் கோட்டு தவிர வேறெதிலும் நான் பார்த்திராத மனுஷி! மேஜையில் சிப்ஸ், அதைத் தொட்டுக்கொள்ள சதகுப்பைக் கீரை (டில்) வாசத்தோடு ஒரு கிரீம், கிண்ணம் நிறைய மிட்டாய். ஆளுக்கொரு மதிப்பெண் தாள். பாட்டு நடக்கும்போது யாரும் பேசக்கூடாது, முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வேண்டும்.

ஓட்டு போடுவது அலைபேசிச் செயலியில். 2019 முதல் வயதுக் குழுக்களாகப் பிரித்து எண்ணுகிறார்கள். 3 முதல் 9 வயது வரை ஒரு குழு, 75-ஐத் தாண்டியவர்கள் ஒரு குழு, நடுவில் இன்னும் ஐந்து. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே எடை. ஆக என் மகளின் தரப்புக்கும் அந்த அம்மாவின் தரப்புக்கும் ஒரே மதிப்பு. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. 2025-ல் அந்த வருத்தம் கோபமாகவே ஆயிற்று. ஏற்கெனவே 2015-ல் யூரோவிஷனை வென்றிருந்த மோன்ஸ் செல்மர்லேவ் திரும்பி வந்திருந்தார். அவர்தான் ஜெயிப்பார் என்று பந்தயக்காரர்கள் உட்பட எல்லோரும் நம்பினார்கள். ஜெயித்ததோ காய் என்ற மூவர் குழு. பின்லாந்தில் சுவீடிஷ் பேசும் வேரோ என்ற சின்ன ஊர்க்காரர்கள், வெந்நீராவிக் குளியலைப் பற்றித் தங்கள் வட்டார வழக்கில் ஒரு கூத்துப் பாட்டு பாடினார்கள். பக்கத்து நாட்டுக்காரர்கள் இந்த நாட்டுக்காகப் போய் யூரோவிஷனில் நான்காவது இடம் பிடித்தார்கள். எனக்கு அந்த முடிவில் தனி சந்தோஷம். வெளியூர் வழக்கில் பேசுகிறவர்களுக்கு இங்கே இடமுண்டு என்றால், என் உச்சரிப்புக்கும் கொஞ்சம் இடம் இருக்காதா?

இதற்கெல்லாம் மூலம் 1974 ஏப்ரல் 6. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அப்பா (ABBA) என்ற சுவீடன் பாப் குழு யூரோவிஷனை வென்ற ராத்திரி. யுர்கோர்டன் தீவில் 2013-ல் திறந்த அவர்களுடைய அருங்காட்சியகத்துக்கு விருந்தாளி யார் வந்தாலும் அழைத்துப் போய்விடுவேன். பாட்டைவிட அங்கே என் கண் போவது மேடை உடைகளின் மேல். தெருவில் உடுத்தவே முடியாத உடையாக இருந்தால்தான் அதன் செலவை வரிக்கணக்கில் கழிக்கலாம் என்று அப்போது விதி இருந்ததாம். அதுவும் ஒரு காரணம் என்று குழுவின் பியோர்ன் உல்வேயஸே சொல்லியிருக்கிறார். ஒரு நாட்டின் பாப் அழகியலில் வருமான வரித்துறைக்கும் பங்கு இருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

அப்புறம் கிறிஸ்துமஸ். டிசம்பர் 24, மதியம் மூன்று மணி. டொனால்ட் டக்கை இவர்கள் கல்லே அங்கா என்பார்கள். அந்தப் பெயரில் டிவியில் டிஸ்னியின் பழைய துண்டுப் படங்களைத் தொகுத்த ஒரு மணி நேர நிகழ்ச்சி. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய அதே துண்டுகள், அதே வரிசை. விருந்தை மூன்றுக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பது குடும்ப அரசியல். குரல் கொடுத்த பெங்ட் ஃபெல்ட்ரெய்க் 2019-ல் காலமானார், குரல் இன்னும் வருடா வருடம் வருகிறது. முதல் தடவை எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் எல்லாம் வாயசைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்? பிறகு நம் வீடுகளில் வடிவேலு காமெடி ஓடும்போது வசனத்தை டிவிக்கு முன்னால் நாம் முந்திக்கொண்டு சொல்வதை நினைத்தேன். அதே வேலைதான். என்ன, நாம் எந்த நேரமும் செய்வோம், இவர்கள் வருடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிச் செய்கிறார்கள்.

இதுதான் இந்த ஊரைப் பற்றி நான் கண்டுபிடித்தது. கொண்டாட்டம் இல்லாதவர்கள் இல்லை, நேரம் குறிக்காமல் கொண்டாட மாட்டார்கள். ஜூன் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோம் தெருவில் நின்று பாருங்கள். பள்ளி முடித்த பிள்ளைகள் வெள்ளைத் தொப்பியோடு லாரியின் பின்பக்கம் ஏறி, காது கிழியப் பாட்டு போட்டு, கத்திக்கொண்டே ஊர்வலம் போவார்கள். மற்ற நாளில் பால்கனியில் கொஞ்சம் உரக்கப் பேசினாலே முகம் சுளிப்பவர்கள், நின்று கையசைப்பார்கள்.

துணிமணி விஷயத்தில் இதற்கு ஒத்துப்போகவே எனக்கு நாளாயிற்று. அக்டோபர் வந்தால் சுரங்க ரயிலில் கறுப்பு, கருநீலம், சாம்பல், மறுபடி கறுப்பு. வெளிச்சமே இல்லாத மாதங்களில் போய் ஏன் இருட்டைப் போர்த்திக்கொள்கிறார்கள் என்று சண்டை போடலாம் போலிருக்கும். மாம்பழ மஞ்சளில் ஒரு கோட்டு வாங்கிப் போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லோரும் பார்த்தார்கள். இன்னும் போடுகிறேன்.

உலகத்துக்கே மலிவுத் துணி விற்கும் எச் அண்ட் எம் பிறந்தது இங்கேதான். 1947-ல் வெஸ்தெரோஸ் என்ற ஊரில் எர்லிங் பெர்சன் பெண்கள் துணிக்கடையாகத் தொடங்கியது, 1968-ல் ஸ்டாக்ஹோமில் மோரிட்ஸ் வித்ஃபோர்ஸ் என்ற வேட்டைச் சாமான் கடையை வாங்கி இரட்டைப் பெயரானது. அப்படிப்பட்ட ஊரில் வசதியானவர்கள் பழைய துணிக்கடைக்குப் போவதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். இரட்சணிய சேனை நடத்தும் மீரோர்னா கடைகளில், நல்ல கம்பளிக் கோட்டுகளை மருத்துவரும் புரட்டுவார், மாணவரும் புரட்டுவார். அடுத்தவர் உடுத்தியதைத் தொடாதே என்று வளர்ந்தவள் நான். அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "அங்கே போயுமா பழசு?" என்றார். அவர் வாயடைத்தது ஒரு பொருளில்தான்: அப்படி ஒரு கடையில் கிடைத்த பச்சை நிற ஹுஸ்க்வார்னா தையல் மெஷின். துப்பாக்கி செய்துகொண்டிருந்த தொழிற்சாலை 1872 முதல் தையல் மெஷினும் செய்யத் தொடங்கியது. இரும்பு உடம்பு, தூக்கினால் இடுப்பு பிடிக்கும், ஓட்டினால் ஜீன்ஸ் துணியும் வெண்ணெய்.

மெஷின் அவசியமாகவும் இருந்தது. மதுரைப் புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் உட்கார்ந்து தைத்த டெய்லர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, இங்கே ஒரு கால்சட்டையின் நீளம் குறைக்கக் கேட்கிற காசு நெஞ்சை அடைக்கும். ரவிக்கை தைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வெளியே கறுப்பு என்றால் வண்ணமெல்லாம் எங்கே போயிற்று? வீட்டுக்குள் போயிற்று. ஸ்ட்ராண்ட்வேகன் என்ற கடலோரத் தெருவில் ஸ்வென்ஸ்க்ட் தென் கடைக்குள் நுழைந்த அன்று கால் நகர மறுத்தது. சோபா, திரை, குஷன் எங்கும் கொடி, பறவை, பெயர் தெரியாத பூ, சிவப்பும் பச்சையும் மஞ்சளும். விலைச்சீட்டைப் பார்க்காத வரைக்கும் சொர்க்கம். அந்த டிசைன்களை வரைந்த யோசெஃப் ஃபிராங்க் சுவீடனில் பிறந்தவர் இல்லை. வியன்னாவில் பெயரெடுத்த யூதக் கட்டடக் கலைஞர், அங்கே யூத வெறுப்பு ஏறி வந்தபோது 1933-ல் சுவீடன்காரரான மனைவியுடன் இங்கே வந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதுகளின் கடைசி. எஸ்த்ரிட் எரிக்சன் என்ற பெண்மணி 1924-ல் தொடங்கிய இந்தக் கடை அவருக்கு வேலை கொடுத்தது. போர்க்காலத்தில் நியூயார்க்கில் இருந்தபோது, 1944-ல் எரிக்சனின் 50-வது பிறந்தநாளுக்கு 50 புது டிசைன்களை அனுப்பிவைத்தார். சுவீடன் வீடு என்றால் எல்லாம் வெள்ளையும் வெளிர்மரமுமாக இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரே நிறப் பரப்பு மனசை அலைக்கழிக்கும், பூப்போட்ட துணியே மனசுக்கு ஓய்வு என்று வாதாடிய மனிதர். இன்று அவருடைய துணியைத்தான் அசல் சுவீடன் வீட்டு அடையாளம் என்று பாட்டிமார் பேத்திகளுக்குக் கொடுக்கிறார்கள். வந்தேறி ஒருவர் உள்ளூர் ரசனையை இவ்வளவு ஆழமாக மாற்றிய கதை எனக்குத் தெரிந்து வேறில்லை. எவ்வளவு ஒத்துப்போக வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டால், நான் இவரைப் பற்றித்தான் பேசுவேன்.

ஒரு நாள் கீழ்வீட்டு அம்மா என் வீட்டில் கொடியில் காய்ந்த சுங்குடிச் சேலையைப் பார்த்துவிட்டு, இதில் ஜன்னல் திரை தைத்துத் தருவாயா என்றார். சேலையை வெட்டுவதா என்று எனக்கு வயிறு கலங்கியது. ஊருக்குப் போனபோது அதற்கென்றே அரக்குச் சிவப்பில் ஒன்று வாங்கி வந்தேன், ஹுஸ்க்வார்னாவில் தைத்தேன். இப்போது அவருடைய அடுக்களை ஜன்னலில் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் வரிசையில் அந்த ஒரு ஜன்னல் மட்டும் தனியாகத் தெரிகிறது.

சினிமாவைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். நகரின் நடுவில் ஹேதோரியெட் சதுக்கத்தில் இப்போது ஹோட்டலாக இருக்கும் பெரிய கட்டடம், முன்பு பூப் என்ற பல்பொருள் அங்காடி. சோடர்மால்ம் பகுதியின் ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி பதின்வயதில் அங்கே தொப்பி விற்றாள், கடையின் விலைப்பட்டியலுக்குத் தொப்பி போட்டுப் படமும் எடுத்துக்கொண்டாள். பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான கிரேட்டா கார்போ. கொஞ்சம் வடக்கே போனால் ஸ்வேயாவேகனில் கிராண்ட் தியேட்டர். 1986 பிப்ரவரி 28 இரவு, பிரதமர் ஓலொஃப் பால்மே மனைவியோடு மெய்க்காவலர் இல்லாமல் அங்கே ஒரு படம் பார்த்துவிட்டு நடந்து போகும்போதுதான் சுட்டுக் கொல்லப்பட்டார். சினிமாவும் அரசியலும் ஒன்றாகக் கலந்த ஊரிலிருந்து வந்தவள் நான். ஆனால் ஆளும் பிரதமர் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கும் காட்சி எனக்குக் கற்பனைக்கே எட்டவில்லை.

சுவீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் படம் என்றால் ஃபிலிம் சொசைட்டியில் தாடி வைத்தவர்கள் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். யெர்டெட்டில் திரைப்பட நிறுவனத்தின் கான்கிரீட் மாளிகையில் அவருடைய 'ஃபேனியும் அலெக்சாண்டரும்' பார்த்தபோது அந்த எண்ணம் போயிற்று. முதல் பகுதி முழுக்க ஒரு கூட்டுக் குடும்பத்தின் கிறிஸ்துமஸ். சித்தப்பாக்களின் சேட்டை, வேலைக்காரப் பெண்களின் கிசுகிசு, அறை அறையாகக் கைகோத்து ஓடும் நடனம். நான்கு ஆஸ்கர் வாங்கிய படம், அதில் ஒன்று மாரிக் வோஸின் உடையமைப்புக்கு. பாட்டி வீட்டின் சிவப்பிலிருந்து பிஷப் வீட்டின் சாம்பலுக்குக் கதை நகரும்போது என்ன நடக்கப்போகிறது என்பதைத் துணியே சொல்லிவிடுகிறது.

தமிழ்ப் படங்களும் இங்கே வருகின்றன, பெரும்பாலும் வார இறுதிகளில். இங்கே படங்களுக்கு இடைவேளை கிடையாது. நாயகன் திரும்பிப் பார்த்து, திரையில் 'இடைவேளை' என்று எழுத்து விழுந்த அடுத்த நொடி படம் தொடர்ந்து ஓடும். கூட்டம் மொத்தமும் பாதி எழுந்து மறுபடி உட்காரும். கீழ்வீட்டு அம்மாவை அப்படி ஒரு படத்துக்குக் கூட்டிப்போனேன். நாயகன் அறிமுகத்துக்கு விசில் பறந்ததும் பயந்து என் கையைப் பிடித்தார். இரண்டாம் பாட்டில் பக்கத்துப் பையன்கள் எழுந்து ஆடியபோது அவரும் இருக்கையிலேயே தோளை ஆட்டினார். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்ததும் கைப்பையிலிருந்து நாள்காட்டியை எடுத்தார்.

"அடுத்தது எப்போது? குறித்து வைத்துக்கொள்கிறேன்."

"சொல்ல முடியாது. வியாழக்கிழமை வாக்கில்தான் உறுதியாகத் தெரியும்."

"எந்த வியாழக்கிழமை?"

ரிலீஸ் தேதி தள்ளிப்போவது, தணிக்கை, பைனான்ஸ், நீதிமன்றத் தடை என்று என் சுவீடிஷில் விளக்கிக்கொண்டே ரயில் நிலையம் வரைக்கும் வந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பென்சிலால் மூன்று வெள்ளிக்கிழமைகளைக் குறித்துக்கொண்டார்.