முன் பிரேக் பிடிக்கவில்லை: ஏர் எடுத்தும் தொளதொளத்த லீவர்

வண்டி 2016 மாடல், 150 சிசி, ஏபிஎஸ் கிடையாது. முன்னால் ஒற்றை டிஸ்க். காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) மிதக்கும் வகை, அதாவது பக்கவாட்டில் நகரும்; இரண்டு பிஸ்டனும் உள்பக்கத்திலேயே. ஓட்டம் 41,000 கி.மீ. லீவரை அழுத்தினால் ரப்பர் பந்தை அமுக்கும் உணர்வு. நாலு விரலும் போட்டு இழுத்தால்தான் வேகம் குறைகிறது. இறுக்கிப் பிடிக்கும்போது லீவர் முனைக்கும் கைப்பிடிக்கும் இடையே 20 மி.மீ.தான் மிஞ்சுகிறது. எங்கும் ஆயில் கசிவு இல்லை.

லீவர் தொளதொளத்தால் எல்லோரும் முதலில் சொல்வது ஏர் எடுக்க, அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றச் சொல்லித்தான். இங்கும் அதிலிருந்தே தொடக்கம்.

சனி, காலை: ஏர் எடுத்தல்

கைப்பிடியருகே உள்ள பிரேக் ஆயில் டப்பாவில் இருந்த ஆயில் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155-க்கு இறங்குகிறது. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது இந்த வித்தியாசம்தான் காப்பாற்றும் அல்லது கைவிடும். ஆகவே ஏர் இருக்கிறதோ இல்லையோ, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிட வேண்டும். சீல் உடைத்து மாதக்கணக்கில் வைத்திருந்த பாட்டில் வேண்டவே வேண்டாம்.

தேவைப்பட்டவை: 250 மி.லி. டாட் 4, 8 மி.மீ. ரிங் ஸ்பேனர், காலிப்பரின் நிப்பிளில் (ஆயிலை வெளியே விடும் சிறு திருகில்) இறுக்கமாக உட்காரும், உள்ளே ஓடுவது தெரியும் குழாய், ஒரு காலி பாட்டில், பனியன் வேஸ்ட், ஒரு வாளி தண்ணீர். தண்ணீர் எதற்கென்றால், இந்த ஆயில் பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும். துடைத்தால் மட்டும் போதாது, கழுவ வேண்டும். டேங்க்கின் மேல் ஈரத்துணி விரித்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கணும்.

லீவரை இழுத்துப் பிடி, நிப்பிளைக் கால் சுற்று திற, மூடு, பிறகு லீவரை விடு. வரிசை மாறி, நிப்பிள் திறந்திருக்கும்போதே லீவரை விட்டால் மரை வழியாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டைத் தொடுவதற்குள் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுமார் 150 மி.லி. போனதும் குழாயில் தெளிந்த ஆயில் வந்தது. இரண்டே இரண்டு குமிழி. கடைசியில் மாஸ்டர் சிலிண்டரின் (லீவர் தள்ளும் சிலிண்டர்) பான்ஜோ போல்ட்டையும் (ஆயில் குழாயைப் பொருத்தும் போல்ட்) துணி சுற்றி, அதே வரிசையில் ஒரு தடவை தளர்த்தி இறுக்கியாயிற்று. காற்று மேலே ஏறும் குணமுடையது. கீழே எவ்வளவு ஆயிலை ஓட்டினாலும் அந்த மூலையில் இருப்பது அப்படியே நிற்கும்.

லீவரில் மாற்றம் இல்லை.

சனி, இரவு: இரண்டு சோதனை

ஒன்று, லீவரை வேகமாக ஐந்து முறை அடித்துப் பார்ப்பது. உள்ளே காற்று இருந்தால் அடிக்க அடிக்க லீவர் உயர்ந்து கெட்டியாகும். இங்கே ஐந்தாவது அடியும் முதல் அடி மாதிரியே இருந்தது.

இரண்டு, லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி இரவு முழுக்க விடுவது. காலையில் லீவர் கெட்டியாக இருந்தால் மிச்சக் காற்று இடம் மாறியிருக்கிறது என்று பொருள். கட்டு தளர்ந்து தொங்கினால், அதாவது லீவர் மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கியிருந்தால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் ஆயிலைப் பின்னால் விடுகிறது அல்லது எங்கோ கசிகிறது. காலையில் இரண்டும் இல்லை. போட்ட கட்டு போட்டபடி, அதே ரப்பர் பந்து.

லீவர் கல் மாதிரி இருந்து வண்டி மட்டும் நிற்காவிட்டால் அது வேறு நோய்: பேட் (டிஸ்க்கை உரசி நிறுத்தும் கட்டை) கண்ணாடியாக வழுவழுத்திருக்கும், அல்லது ஃபோர்க் சீல் கசிந்து பேடில் எண்ணெய் ஏறியிருக்கும். எண்ணெய் குடித்த பேடைத் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஞாயிறு: காலிப்பரைக் கழற்றியபோது

காரணம் இங்கேதான் கிடைத்தது. உள்பக்கப் பேடில் ஒரு முனையில் 1.6 மி.மீ., மறு முனையில் 2.3. வெளிப்பக்கப் பேடில் 3.4. இரண்டும் ஒரே நாளில் போட்ட ஜோடி. பிஸ்டன் பக்கத்துப் பேட் அதிகம் தேய்ந்து, அதுவும் சாய்வாகத் தேய்ந்திருந்தால், ஆயிலை விட்டுவிட்டு ஸ்லைடு பின்னை, அதாவது காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் கம்பியை, பார்க்க வேண்டும்.

ஸ்லைடு பின்கள் இரண்டு. ஒன்று விரலால் தள்ளினாலே போய் வந்தது. மற்றதைப் பிளையரில் பிடித்துத் திருகித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அதன் ரப்பர் உறையை (பூட்) மற்றதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது: மடிப்புகள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, அமுக்கினால் விரலில் பிசுபிசுப்பு. உள்ளே சாதாரண வீல் பேரிங் கிரீஸ். பிரேக் பாகங்களின் ரப்பர் கிளைக்கால் ஆயிலுக்கென்று செய்யப்பட்டது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். ஊதிய பூட் பின்னை நெரித்துப் பிடித்துக்கொண்டது. வழுக்கட்டும் என்று போட்ட கிரீஸே பூட்டு போட்டுவிட்டது.

காற்றே இல்லாமல் லீவர் ஏன் தொளதொளக்கிறது? ஸ்லைடு பின் நகர்ந்தால்தான் காலிப்பர் உடம்பு பக்கவாட்டில் நகர்ந்து வெளிப்பேடையும் டிஸ்க்கில் அழுத்தும். நகராதபோது பிஸ்டன் உள்பேடை மட்டும் தள்ளுகிறது. டிஸ்க் கொஞ்சம் வளைகிறது, பிராக்கெட் கொஞ்சம் முறுகுகிறது. கணக்குப் போட்டால் விளங்கும். மாஸ்டர் சிலிண்டர் 12.7 மி.மீ., பிஸ்டன் ஒவ்வொன்றும் 25.4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பரப்பு விகிதம் எட்டு மடங்கு. காலிப்பரில் 0.1 மி.மீ. வளைவு என்பது மாஸ்டர் சிலிண்டரில் 0.8 மி.மீ. ஓட்டம். லீவர் அதை ஆறு மடங்காக்கினால் விரல் நுனியில் ஏறக்குறைய 5 மி.மீ. முடி அளவு வளைவு, கைக்கு ஸ்பிரிங் மாதிரித் தெரிகிறது. இதற்கு லிட்டர் கணக்கில் ஆயில் ஊற்றினாலும் தீராது.

சரிசெய்தது

பிஸ்டன் இரண்டையும் லீவரை அடித்து 8 மி.மீ. வெளியே வரவைத்து (நடுவில் மரக்கட்டை, ஒன்று மட்டும் துள்ளி வராமல் இருக்க), சுற்றியிருந்த கறுப்பு அழுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷும் புதிய பிரேக் ஆயிலும் கொண்டு தேய்த்தெடுத்தாயிற்று. உப்புத்தாள் கூடாது. இந்த அழுக்கோடு பிஸ்டனை உள்ளே தள்ளுவதுதான் பலரும் செய்யும் தவறு. உள்ளே இருப்பது சதுர வெட்டு ரப்பர் வளையம். பிஸ்டன் முன்னே போகும்போது அதோடு சாய்ந்து, லீவரை விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னே இழுக்கிறது. பேடுக்கு வேறு திரும்பு ஸ்பிரிங் இல்லை. அந்த விளிம்பு கிழிந்தால் பிரேக் உரசிக்கொண்டே இருக்கும். பிஸ்டனைத் தள்ளும் முன் டப்பாவிலிருந்து சிரிஞ்சில் கொஞ்சம் ஆயில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மேலே பொங்கும்.

இரண்டு ரப்பர் உறையும் புதிது. பின்களில் துருக்குழி இல்லாததால் துடைத்துவிட்டு சிலிக்கான் கிரீஸ், ஒவ்வொன்றுக்கும் பட்டாணி அளவு. நிறைய அப்பினால் துளையின் அடியில் காற்று அடைபட்டுப் பின்னை வெளியே தள்ளும். பேட் ஜோடியாகப் புதிது. டிஸ்க்கில் ஆறு இடத்தில் அளந்ததில் எல்லாம் 3.8 மி.மீ.; அதன்மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 3.5. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, 120 நம்பர் உப்புத்தாளால் வட்டமாக லேசாகத் தேய்த்தோம். இந்த வேலைக்கு டீசல், மண்ணெண்ணெய் பக்கமே போகக் கூடாது.

மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன் லீவரைப் பலமுறை அடித்துப் பேட் டிஸ்க்கைத் தொடும்படி செய்வது கட்டாயம். முதல் அழுத்தத்தில் லீவர் நேராகக் கைப்பிடிக்குப் போகும். அது தெருவில் நடந்தால் ஆபத்து.

ஆளில்லாச் சாலையில் 40-லிருந்து 10 கி.மீ. வேகம் வரை இருபது முறை, முழுதாக நிறுத்தாமல், இடையில் அரை நிமிடம் ஆறவிட்டுப் பேட் பதியவைத்தாயிற்று. சூடாக இருக்கும்போது பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி நின்றால் டிஸ்க்கில் பேட் தடம் ஒட்டும்.

இறுக்கிப் பிடித்தால் இப்போது லீவர் முனையில் 45 மி.மீ. மிஞ்சுகிறது, இரண்டு விரல் போதும். 300 கி.மீ. கழித்து அளந்ததில் இரண்டு பேடும் 4.3 மி.மீ., சாய்வு இல்லை.

பாக்கி ஒன்று: ஓஸ், அதாவது பிரேக் ஆயில் செல்லும் குழாய். லீவரை இழுத்துப் பிடித்து மறுகையால் தடவினால் எங்கும் உப்பவில்லை, ஆனால் காலிப்பர் பக்கத்து வளைவில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் ஆரம்பித்திருக்கின்றன. புது ஓஸும், ஒவ்வொரு பான்ஜோவுக்கும் இரண்டாக நாலு புதுச் செப்பு வாஷரும் வாங்கி வைத்தாயிற்று.